சீமைச் சாமந்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கெமோமைல் டீ பாக்கெட்டுகள் மளிகைக் கடைவரை வந்துவிட்டதாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்தப் பூவை, அதாவது சீமைச் சாமந்தியைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

நர்சரியில் கெமோமைல் என்று சொல்லி ஒரு செடி கொடுத்தார்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஆனால் வாசனையே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, கோவை)

பெரும்பாலும் ஆமாம். சாமந்திக் குடும்பத்தில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட செடிகள் ஏராளம். பூவை மேலிருந்து காம்புவரை பிளேடால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் மேடு உள்ளே வெறும் கூடாக இருந்தால் அது ஜெர்மன் கெமோமைல். ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் செடி, ஒன்றரை இரண்டு அடி நிமிர்ந்து வளரும், இலை சோம்பு இலைபோல நூல் நூலாக இருக்கும். டீக்கு வாங்கும் பூ பெரும்பாலும் இதுதான்.

மேடு உள்ளே கெட்டியாக இருந்து, செடி தரையோடு படர்ந்து, இலையைக் கசக்கினாலே ஆப்பிள் வாசம் வந்தால் அது ரோமன் கெமோமைல். பல ஆண்டு வாழும், டீ கொஞ்சம் கசக்கும். மேடு கெட்டியாக இருந்து வாசனையே இல்லை, அல்லது முகம் சுளிக்கவைக்கும் நாற்றம் என்றால் வேறு ஏதோ களைச்செடி. அதைக் காயவைத்துக் குடிக்கவேண்டாம்.

இரண்டு முறை விதை வாங்கித் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை மோசமா, என் கைராசி மோசமா? (வாசகர், சென்னை)

கைராசியை விடுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்: விதையை மண்ணால் மூடியிருப்பீர்கள், பூவாளியால் அடித்துக்கொண்டு போகவிட்டிருப்பீர்கள், அல்லது வெயில் காலத்தில் விதைத்திருப்பீர்கள்.

இந்த விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் பல ஆயிரம் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும், ஆகையால் மேலே மண் போடவே கூடாது. ஒரு சிட்டிகை விதையை நாலு ஸ்பூன் உலர்ந்த மணலோடு கலந்து, ஈரமான தட்டில் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை இன்னொரு தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடவேண்டும். மண்மேல் பளபளப்புத் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். மேற்பரப்பு ஒருநாள் காய்ந்தாலும் முளைவிட்டது கருகிவிடும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். 15 முதல் 20 டிகிரி வெப்பம் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை தெரியும்.

சென்னையில் அந்தக் குளுமை எப்போது கிடைக்கும் என்பதுதான் சிக்கல். அக்டோபரில் திறந்த மாடியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை அள்ளிக்கொண்டு போய்விடும். நவம்பர் நடுவில், கூரைக்கு அடியில் வெளிச்சம் வரும் இடத்தில் தட்டில் விதையுங்கள். நாற்று இரண்டு அங்குலம் வந்ததும், டிசம்பரில், வேர் மண்ணோடு கொத்தாக எடுத்து 10 அங்குலத் தொட்டிக்கு மூன்று என்று நடுங்கள். செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் சம அளவு போதும். உதகை, கொடைக்கானல் வாசகர்கள் உறைபனி விலகியபின் பிப்ரவரி, மார்ச்சில் விதைக்கலாம்.

செடி புதர்போலத் தழைத்துவிட்டது, பூ மட்டும் இல்லை. தண்டு முழுக்கக் கறுப்பாகப் பேன் வேறு. (வாசகி, மதுரை)

இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கக்கூடும்: அதிக உரம். சாணம், பிண்ணாக்குக் கரைசல் என்று வாரம் தவறாமல் ஊற்றினால் தழைச்சத்து ஏறி இலைதான் வரும், இளந்தண்டும் நீங்கள் பேன் என்கிற அசுவினிக்கு இதமாக இருக்கும். இது ஏழை மண்ணில் பூக்கிற செடி. உத்தரப் பிரதேசத்தில் லக்னோவைச் சுற்றி, வேறு பயிர் திணறுகிற களர் நிலத்தில்கூட இதை வளர்க்கிறார்கள். அங்கே இருக்கும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனமான சிமேப், ‘வல்லரி’ என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது.

உரத்தை நிறுத்துங்கள். ஐந்து ஆறு மணி நேரம் வெயில் படவேண்டும். நிழலில் செடி நெட்டையாகிச் சாயும். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். மொட்டு விட்டபின் அதுவும் வேண்டாம், பூவில் படிந்த வேப்பெண்ணெய் டீயில் வரும். மார்ச் வெயில் ஏறியும் பூக்காத செடியைப் பிடுங்கிவிட்டு அடுத்த குளிருக்குத் தயாராவது உத்தமம்.

எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது? என் பூ காய்ந்ததும் பழுப்பாகி உதிர்ந்துவிடுகிறது. (வாசகர், ஏற்காடு)

தாமதமாகப் பறிக்கிறீர்கள். வெள்ளை இதழ்கள் படுக்கைவாட்டில் விரிந்திருக்கும் நாள்தான் சரியான நாள். இதழ் கீழ்நோக்கி மடிந்து, நடுமேடு கூம்பாக உயர்ந்துவிட்டால் பூ விதைக்குப் போய்விட்டது என்று பொருள். காய்ந்தால் பொலபொலவென்று உதிரும். பனி உலர்ந்தபின், வெயில் சுள்ளென்று ஏறுமுன், விரல்களைச் சீப்புபோல விரித்துக் காம்புகளுக்கு இடையில் விட்டு மேலே இழுத்தால் பூத்தலை மட்டும் கையோடு வரும். வாரம் ஒருமுறை பறித்துக்கொண்டே இருந்தால் புது மொட்டு வரும்.

வெயிலில் காயவைக்காதீர்கள். மணம் என்பது ஆவியாகிற எண்ணெய், வெயில் அதை ஓட்டிவிடும். காற்றோட்டமான நிழலில், வெள்ளைத் துணிமேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். ஏற்காட்டு ஈரக்காற்றில் இது இழுத்தடிக்கும், அப்போது உலர்த்தும் இயந்திரத்தை 35 முதல் 40 டிகிரியில் வைக்கலாம். இதழ் காய்ந்ததை நம்பி ஏமாறவேண்டாம். நடுமேட்டை நகத்தால் நசுக்கினால் பொடியவேண்டும், பிசுபிசுத்தால் டப்பாவில் பூஞ்சைதான். முழுப்பூவாகவே காற்றுப் புகாத பாட்டிலில் இருட்டில் வையுங்கள், ஓராண்டு நிற்கும்.

ஐந்து பங்கு பச்சைப் பூ ஒரு பங்கு காய்ந்த பூவாகும். ஒரு கோப்பைக்கு 3 கிராம் என்றால் நூறு பூவுக்கு மேல் பறிக்கவேண்டும். ஒற்றைத் தொட்டியை வைத்துக்கொண்டு தினமும் டீ குடிக்க முடியாது.

டீ வைக்கோல் தண்ணீர் மாதிரி இருக்கிறது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டும் ருசி ஏறவில்லை. (வாசகி, திருச்சி)

கொதிக்கவிட்டதுதான் தவறு. இது கஷாயமல்ல. 3 கிராம் காய்ந்த பூ, அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி, அதன்மேல் அடுப்பிலிருந்து இறக்கிய 150 மில்லி வெந்நீர், உடனே மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம். மூடித் தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரையும் கோப்பையில் தட்டிவிடுங்கள், மணத்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. தேன் சேரும். பால் சேராது.

இதைக் குடித்தால் தூக்கம் வருமா? அப்பா இதய மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்குக் கொடுக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

சிலருக்கு மனம் இளகி, படுக்கப் போக ஏதுவாக இருக்கும். தூக்க மாத்திரைக்கு மாற்று என்று எண்ணாதீர்கள்; நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. சாப்பாட்டுக்குப்பின் வயிற்று உப்புசத்துக்குக் குடிப்பதுதான் ஐரோப்பாவில் நீண்ட காலப் பழக்கம்.

உங்கள் அப்பா விஷயத்தில் மாத்திரைச் சீட்டை முதலில் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் வேண்டாம், ரத்தக்கசிவு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு. தூக்க மாத்திரை எடுப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். பார்த்தீனியம் பட்டால் தோல் தடிக்கிறவர்கள், சாமந்தி மாலை கட்டினால் தும்முகிறவர்களும் கவனம். எல்லாம் ஒரே குடும்பம்.

இங்கே சளி பிடித்தால் கெமோமைல் ஆவி பிடிக்கச் சொல்கிறார்கள். நம் ஊர் நொச்சி மாதிரியா? (வாசகி, டோர்ட்முண்ட், ஜெர்மனி)

முறை அதேதான். ஒரு கைப்பிடி காய்ந்த பூவில் 1 லிட்டர் வெந்நீர் ஊற்றி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, துண்டு போர்த்தி ஐந்து பத்து நிமிடம். ஜெர்மனியில் காமில்லெ என்றால் வீட்டு வைத்தியத்தின் முதல் வரிசை: வயிற்றுக்கு டீ, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பு, சளிக்கு ஆவி. சின்னக் குழந்தைகளை மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கம் உட்காரவைக்காதீர்கள், கவிழ்ந்து வேகிற விபத்து நடக்கிறது. அந்தக் கஷாயத்தால் கண் கழுவும் பழக்கமும் அங்கே உண்டு. அதைப் பின்பற்றவேண்டாம். மகரந்தத் துகள் பட்டுக் கண் வீங்கக்கூடும்.

யுனானி மருந்துக் கடையில் பாபூனா என்கிறார்களே, அது இதுதானா? (வாசகர், வேலூர்)

இதுதான். குல்-ஏ-பாபூனா என்றால் பூ. ரோகன் பாபூனா என்பது பூவை நல்லெண்ணெயில் ஏற்றிய தைலம், மூட்டுவலிக்கு மேலே தடவ. உள்ளுக்கு அல்ல.

கெமோமைல் எண்ணெய் நீலமாக இருக்கிறது. சாயம் கலந்ததா? (வாசகி, ஈரோடு)

ஜெர்மன் கெமோமைல் எண்ணெய் கருநீலமாகத்தான் இருக்கும். பூவில் நிறமற்ற மேட்ரிசின் என்ற பொருள் உண்டு. நீராவியில் வடிக்கும் சூட்டில் அது கெமசுலீன் என்ற நீலப் பொருளாக மாறுகிறது. நாள்பட, வெளிச்சம் பட, பச்சையாகிப் பழுப்பாகும். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

முடி அலசினால் பொன்னிறமாகுமா? (கல்லூரி மாணவி, சேலம்)

ஏற்கெனவே பொன்னிறமாக இருக்கும் ஐரோப்பிய முடியில் மெல்லிய மஞ்சள் பூச்சு ஏறும். நம் கறுப்பு முடியில் ஒன்றும் தெரியாது. பூவை டீக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சிளம் குழந்தையின் வயிற்றுவலிக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

கொடுக்கவேண்டாம். காய்ந்த மூலிகைப் பூக்களில் பொட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்கவைக்கும் நச்சு நோய்) கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம், ஒரு வயதுக்குள் அதைத் தாங்கும் குடல் இல்லை. தேன் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பது எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

நன்றாகப் பூத்த இரண்டு செடியைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். இதழ் உதிர்ந்து மேடு பழுப்பானதும் தலையைக் காகித உறையில் கிள்ளிப்போட்டு, ஒரு வாரம் கழித்துத் தேய்த்து, டீ வடிகட்டியில் சலித்தால் விதை கீழே இறங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும், காகிதத்தில் மடித்து டப்பாவில் வைத்து நவம்பர்வரை குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தானாக உதிர்ந்ததும் தொட்டி மண்ணில் கிடக்கும். கோடையில் அந்த மண்ணைக் கொட்டிவிடாமல் வைத்திருந்தால், குளிர் தொடங்கும்போது சில நாற்று இலவசமாகக் கிடைக்கும்.