லிஃப்ட் பண்ண வண்டி ஹைவேல அலையுதா? கேளுங்க, சொல்றேன்

டர்பன் பக்கம் ஃபோர் பை ஃபோர் சஸ்பென்ஷன் வேலை பாக்குறேன். லிஃப்ட் போட்டு, அதாவது சஸ்பென்ஷன உசத்தினதுக்கு அப்புறம், ஹைவேல வண்டி நேரா நிக்க மாட்டேங்குதுன்னு தினம் யாராவது வர்றாங்க, பாதிப் பேர் அதுக்குள்ள ஏதோ ஒரு பார்ட்டுக்கு காசு கொட்டிட்டுதான் வர்றாங்க. கேக்கும்போது வண்டி, லிஃப்ட் உயரம், டயர்ல காத்து எவ்வளவுன்னு மூணையும் போடுங்க.

சாட்ஸ்வொர்த் தம்பி: அண்ணா, ஜிம்னிக்கு 50 மில்லிமீட்டர் லிஃப்ட், கொஞ்சம் பெரிய டயர். என்3 ஹைவேல 100 தாண்டினா அங்கயும் இங்கயும் அலையுது. வளைவுல திருப்பிட்டு கைய விட்டா ஸ்டியரிங் தானா திரும்பி வரல. ஸ்டியரிங் டேம்பர் மாத்துன்னு கடைல சொல்றாங்க, மாத்தட்டுமா?

டேம்பர் வாங்காத தம்பி. ஸ்டியரிங் தானா திரும்பலன்னு நீயே சொல்லிட்ட, காஸ்டர் போச்சுங்கிறதுக்கு அதுதான் அடையாளம். காஸ்டர்னா சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்குற கோணம், அதுதான் ஸ்டியரிங்க நேரா கொண்டு வருது. ஜிம்னியோட முன் ஆக்ஸில் ரெண்டு ரேடியஸ் ஆர்ம்ல, அதாவது சேஸியோட அத இணைக்கிற நீளக் கைல, பிடிச்சு நிக்குது, ஸ்பிரிங் உசந்ததும் ஆர்ம் சாஞ்சு ஆக்ஸிலையே முன்பக்கமா உருட்டி விட்டுடும், உன் லிஃப்ட்டுக்கு ரெண்டு மூணு டிகிரி காஸ்டர் போயிருக்கும். டேம்பர் ஆட்டத்த மறைக்கும், அலையிறத சரி பண்ணாது. வீல் அலைன்மென்ட் பண்ணி அளவு போட்ட பேப்பர் வாங்கு, அதுல காஸ்டர் நம்பர பாரு. ஆர்ம்ல காஸ்டர் கரெக்ஷன் புஷ், அதாவது போன கோணத்த திருப்பிக் குடுக்குற புஷ், போட்டாலே முக்காவாசி சரியாயிடும், அதுவும் பத்தலன்னா வளைஞ்ச ஆர்ம் இருக்கு. ஆனா ஆக்ஸில ரொம்ப திருப்பிடாத, டிஃப்பரன்ஷியல் மூக்கு கீழ பாத்து, அதுக்கு சக்தி கொண்டு வர்ற முன் புரொப்ஷாஃப்ட் தண்டு அதிர ஆரம்பிச்சிடும்.

மரிட்ஸ்பர்க்லேருந்து: என் ஹைலக்ஸ் பக்கிக்கு (பிக்கப்) ஆல் டெரைன் எல்டி டயர், அதாவது பாரம் தாங்குற லைட் டிரக் டயர் போட்டேன். டயர் பக்கத்துல 50 பிஎஸ்ஐ மேக்ஸ்னு எழுதியிருந்துச்சு, அதனால அதே அளவா 3.4 பார் அடிச்சுட்டேன். லாரித் தடம் விழுந்த இடத்துலல்லாம் வண்டி தடத்துக்குள்ளயே இழுக்குது.

இழுக்காம என்ன பண்ணும்! அந்த நம்பர் அந்த டயர் தாங்குற முழு பாரத்துக்கு, உங்க காலி பக்கிக்கு இல்ல. டயர் நடுவுல உப்பி நடுப்பகுதி மட்டும் ரோட்டத் தொடுது. கதவோரம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கர் அளவ எடுத்துக்கோங்க, எல்டி டயருக்கு அதுக்கு மேல கொஞ்சம் கூட வைக்கணும், காலி பக்கிக்கு 2.3 இல்ல 2.4 பார்ல ஆரம்பிங்க. டயர் குறுக்கால சாக்பீஸால பட்டையா ஒரு கோடு போட்டு, சமமான இடத்துல நேரா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறங்கிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சிருந்தா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் மட்டும் அழிஞ்சிருந்தா கம்மி.

அப்புறம் ஹைவே சோதனை. காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்ன அளந்துட்டு, ஒரு மணி நேரம் ஓட்டினதும் நிறுத்தி உடனே அளங்க. 0.3 பார் பக்கம் ஏறியிருந்தா சரி, எல்டி டயருக்கு 0.4 வரைக்கும் விடலாம். அதுக்கு மேல ஏறுதுன்னா காலைல வெச்ச காத்து கம்மி, டயர் ரொம்ப நசுங்கி நசுங்கி சூடாகுது. ஏறவே இல்லன்னா அதிகமா வெச்சிருக்கீங்க. ஒரே ஒரு விஷயம், சூடா இருக்கும்போது கூட காட்டுதேன்னு காத்த இறக்கிடாதீங்க. பின்னாடி சாமான் ஏத்துறப்போ பின் டயருக்கு மட்டும் கூட்டிக்கோங்க.

லெனேசியாலேருந்து: டர்பன்ல சரியா அடிச்ச காத்து இங்க வந்தா கூடக் காட்டுது. கேஜ் கெட்டுப் போச்சா?

கேஜ் நல்லாத்தான் இருக்கு. ஜோபர்க் பக்கம் கடல் மட்டத்துலேருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், வெளிக்காத்தோட அழுத்தம் அங்க கம்மி, அதனால அதே டயர் 0.2 பார் கிட்ட கூடக் காட்டும். ஆனா டெம்பரேச்சர் 10 டிகிரி இறங்கினா 0.1 பார் குறையும், அதனால குளிர்காலத்துக் காலைல ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிடும். எந்த ஊர்ல ஓட்டுறீங்களோ அங்க காலைல அளந்து வைங்க, அவ்வளவுதான்.

டோங்காட் அக்கா: தம்பி, மொசாம்பிக் போன்டா டூ ஊரோ மணலுக்கு டயர் காத்த 0.9 பாருக்கு இறக்குறோம். திரும்பி வரும்போது அடுத்த பெட்ரோல் கராஜ் வரைக்கும் அப்படியே தார் ரோட்டுல மெதுவா வரலாமா?

வேணாம் அக்கா. கம்ப்ரஸர் கையோட எடுத்துட்டுப் போங்க, மணல் முடியிற இடத்துலயே நின்னு அடிச்சுட்டுக் கிளம்புங்க. 0.9ல தார் ரோட்டுல ஓட்டினா பக்கச்சுவர் உள்ளுக்குள்ள வெந்துடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரம் கழிச்சு என்2ல 120ல போகும்போது வெடிக்கும்.

ஃபீனிக்ஸ்லேருந்து: ஜீப் ரேங்லர் ஜேகே, 3 இஞ்ச் லிஃப்ட். பேப்பர்ல காஸ்டர் 5 டிகிரி, டோ (முன் சக்கரங்க உள்பக்கமா வெளிப்பக்கமா பாக்குற கோணம்) சரி, காத்தும் சரி. ஆனா மேடு பள்ளத்துல வண்டி ஒரு பக்கமா குதிக்குது, ஸ்டியரிங்கும் கோணலா இருக்கு.

பேன்ஹார்ட் ராட, அதாவது ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம சேஸியோட பிடிக்கிற குறுக்குக் கம்பிய பாருங்க. லிஃப்ட் பண்ணும்போது அது ஆக்ஸில ஒரு பக்கமா இழுத்துடும். இன்ஜின ஓடவிட்டு, சக்கரம் தரைலயே இருக்கட்டும், ஒருத்தர ஸ்டியரிங்க இடம் வலம்னு சின்னதா ஆட்டச் சொல்லிட்டு நீங்க கீழ குனிஞ்சு ராடோட ரெண்டு முனை போல்ட்டையும் பாருங்க. ராட் அசையிறதுக்கு முன்ன போல்ட் ஓட்டைக்குள்ள டக்குனு நகருதா? அப்படின்னா ஓட்டை முட்டை வடிவத்துல தேஞ்சிருக்கு, எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது, பிராக்கெட்ட சரி பண்ணணும். பேன்ஹார்ட் ராடும், ஸ்டியரிங் பாக்ஸ்லேருந்து சக்கரத்துக்குப் போற டிராக் லிங்க் கம்பியும் முன்னாடி நின்னு பாத்தா ஒரே சாய்வுல இருக்கணும். ஒண்ண மட்டும் உசத்தினா மேட்டுல ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் தானா திரும்பும், நீங்க சொல்ற குதிப்பு அதுவாத்தான் இருக்கும். கோணல டிராக் லிங்க்ல சரி பண்ணிடுங்க, இல்லன்னா வண்டி சறுக்குதுன்னு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் குழம்பிப் பிரேக் போடும். ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குரூவ இறுக்கச் சொன்னா இறுக்காதீங்க, பாக்ஸ் போயிடும்.

பெனோனிலேருந்து: ஃபார்ச்சூனர், 50 மில்லிமீட்டர் லிஃப்ட். அலைன்மென்ட்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, ஆனா ஹைவேல அலையுது.

பச்சைன்னா அளவுக்குள்ள இருக்குன்னுதான் அர்த்தம், காஸ்டர் அந்தப் பச்சையோட அடி ஓரத்துல கிடக்கும். முடிஞ்ச வரைக்கும் கூட்டி, ரெண்டு பக்கமும் சமமா வைக்கச் சொல்லுங்க. அந்தக் கோணத்த மாத்துற கேம் போல்ட்ல இடமே இல்லன்னு சொன்னா மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாத்தியாகணும், இந்த வண்டிக்கு அந்தச் செலவு வீண் இல்ல. டோ லேசா உள்பக்கம் பாக்கணும், வெளிப்பக்கம் பாத்தா கண்டிப்பா அலையும். இடப்பக்கம் லேசா இழுக்குறது ரோட்டோட சாய்வு, அத விட்டுடுங்க.

லேடிஸ்மித்லேருந்து: வேன் ரீனன் பாஸ் மலைப்பாதைல மட்டும் ஆடுது, மத்த இடத்துல நல்லாப் போகுது. மேல ரூஃப் டென்ட் இருக்கு.

டென்ட்ல காத்து மோதி ஆட்டலாம், அதக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டுங்க. அப்பவும் ஆடினா அலைன்மென்ட் பேப்பரோட வாங்க.