ஃபோர்மேன் சொல்லும் "நாக் ஆஃப்" எது?

தம்பி, உங்கள் ஃபோர்மேன் "மூன்றரைக்கு நாக் ஆஃப்" என்கிறார், அதே மனிதர் உங்கள் சார்ஜரைப் பார்த்து "இது நாக் ஆஃப்" என்று முகம் சுளிக்கிறார், என்னதான் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்பர்னில் கட்டட சைட் வேலைக்கு வருகிற நம் ஆட்கள் பலருக்கும் வருகிற குழப்பம்தான்.

முதலில் சொன்னது, வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவது. மூன்றரை என்றால் மூன்றரைதான். "இதை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று நின்றால் மெச்ச மாட்டார்கள். கேட்டைப் பூட்டக் காத்திருப்பவர் முறைப்பார். 1856இல் இந்த ஊர்க் கல்தச்சர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலம் போய் எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். ரஸ்ஸல் தெருவும் விக்டோரியா தெருவும் சேரும் முனையில் 888 என்ற எண்களைத் தாங்கிய தூணைப் பார்த்திருப்பீர்களே, அது அந்த நினைவுதான்: எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு.

சார்ஜரைச் சொன்னது கடைக்காரர் பாஷை: போலிச் சரக்கு. அதில் ஆர்.சி.எம். குறி, அதாவது மின்சாதனம் இந்த நாட்டு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் முத்திரை, இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் அவர் சுளித்தது நியாயம். குறி இருந்தாலும், சோதித்து டேக் கட்டாத எதையும் சைட் பிளக்கில் சொருகாதீர்கள்.

கிரிக்கெட் பேசும்போது இதே சொல் வந்தால், துரத்திய ரன்னை எடுத்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பழைய எம்ஜி, ஜாகுவார் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள்: கம்பிச் சக்கரத்தின் நடுவில் காது வைத்த ஒற்றை நட்டு, சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும். அதுவும் நாக் ஆஃப்தான்!

நீங்கள் உஷாராக இருக்க வேண்டிய இடம் ஒன்றுதான். "நாக் ஆஃப்" என்பதோடு ஒரு பொருளின் பெயரைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் திருட்டு. டிரில் வேலை முடிந்தது என்று சொல்ல நினைத்து "டிரில்லை நாக் ஆஃப் செய்துவிட்டேன்" என்றால், நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். செம்பு வயர் காணாமல் போகிற சைட்டில் அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம், வெள்ளிக்கிழமை "நாக் ஆஃப் டிரிங்க்ஸ்" என்று கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். குடிக்காதவர் என்றால் லெமன் லைம் பிட்டர்ஸ் வாங்கித் தருவார்கள். அதிலும் சில சொட்டு மது உண்டு. அதுவும் வேண்டாம் என்றால் வெறும் லெமனேட் கேளுங்கள்.