புகை மணக்கும் கறுத்த பியர்: வாசகர் கேள்வியும் பதிலும்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளும் மருமக்களும் கொண்டுவரும் பொருள்களில் ஐரோப்பியக் கறுத்த பியர் வகைகளும் இப்போது சேர்ந்துவிட்டதால், அவற்றைப் பற்றிய கேள்விகள் இப்பகுதிக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றுள் புகையூட்டிய, மதுசாரம் கூடிய வகைகள் தொடர்பானவற்றுக்கு மட்டும் இம்முறை பதிலளிக்கிறேன்.

ஜேர்மனியில் இருக்கும் மருமகன் பாம்பேர்க் என்ற ஊரின் கறுத்த பியர்ப் போத்தல் ஒன்றைத் தந்தார். திறந்தவுடன் மாசிக்கருவாட்டு மணம் வந்தது. வழியில் பழுதாகிவிட்டதா? (வாசகர், கோப்பாய்)

பழுதாகவில்லை, அந்த மணத்துக்காகவே அந்தப் பியரை வடிக்கிறார்கள். பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, பின்னர் உலர்த்தி எடுப்பதே மோல்ட். விறகு நெருப்பின் மேல் நேரடியாக உலர்த்திய காலத்தில் மோல்ட்டில் புகை ஏறுவது வழமையாக இருந்தது. புகை தானியத்தைத் தொடாமல் சூடான காற்றை மட்டும் செலுத்தும் உலைகள் வந்த பின்னர் பெரும்பாலான ஊர்களில் அந்த மணம் மறைந்துபோயிற்று. பாம்பேர்க்கில் ஷ்லெங்கெர்லா, ஷ்பெட்சியால் ஆகிய இரு வடிசாலைகள் மட்டும் பீச் (beech) மர விறகை எரித்துத் தமக்கு வேண்டிய மோல்ட்டைத் தாமே புகையில் உலர்த்தும் வழக்கத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கின்றன. முன்னையதன் பெயரில் வழங்கும் மதுச்சாலை பற்றிய பதிவு 1405ஆம் ஆண்டளவிலேயே கிடைக்கிறது. பின்னையது 1536இல் தொடங்கியது.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நெருப்பில் சிதையும்போது குவாயாக்கோல், சிரிங்கோல் முதலிய பீனோல் சேர்வைகள் உண்டாகிப் புகையோடு எழுந்து, ஈரமான தானியத்தில் படிகின்றன. மாசியையும் புகையில் வாட்டித்தான் காயவைக்கிறார்கள் என்பதால் அதிலும் இந்தச் சேர்வைகள் உள்ளன. எனவே உங்கள் மூக்கு சொன்னது சரியே. பியருக்குள் மீன் இல்லை, மீனிலும் பியரிலும் ஏறிய புகை ஒரே இனத்தது. ஜேர்மனியர் இதே பியரை முகர்ந்தால் புகையூட்டிய பன்றி இறைச்சியைச் சொல்வார்கள். அலாஸ்காவின் ஜூனோ நகரில் 1988இல் முதன்முதலாக வடிக்கப்பட்ட புகைப் போர்ட்டர் என்ற கறுத்த பியருக்கு, அவ்வூரில் மீனுக்குப் புகையூட்டப் பயன்படும் ஆல்டர் மர விறகிலேயே மோல்ட்டை வாட்டியதால், அதைக் குடிப்பவர்கள் சல்மன் மீனை நினைக்கிறார்கள். அவரவர் ஊரில் எது புகையில் வாட்டப்படுகிறதோ அதுவே முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆகவே குறிப்பேட்டில் மாசி என்று தயங்காமல் எழுதுங்கள். எழுதிய பின் அங்கேயே நின்றுவிடாமல், எந்த மாதிரியான புகை என்று இன்னொரு தடவை கேளுங்கள். புகையிலையைப் பொச்சுமட்டைப் புகையில் வாட்டும் போறணையின் கனத்த மணத்தையும், சிரட்டை கரியாகும்போது எழும் உலர்ந்த மணத்தையும், சாம்பிராணியின் பிசின் மணத்தையும், ஆறிய அடுப்புச் சாம்பலின் மணத்தையும் பிரித்தறியும் பழக்கம் யாழ்ப்பாணத்து மூக்குக்கு ஏற்கெனவே உண்டு. பியரை மதிப்பிடுவதற்கு இதைவிட நல்ல அகராதி தேவையில்லை என்றே நான் கருதுகிறேன்.

லயன் ஸ்ரவுட்டிலும் கருகிய சுவை இருக்கிறது. அதுவும் புகையூட்டிய பியர்தானா? (வாசகர், சாவகச்சேரி)

இல்லை. அது வறுத்த மோல்ட்டின் சுவை. டானியல் வீலர் என்பவர் 1817இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற உருளை வடிவ வறுகலத்துக்குப் பின்னரே மோல்ட்டைக் கோப்பிக் கொட்டை போலக் கறுக்க வறுப்பது எளிதாயிற்று. ஸ்ரவுட், போர்ட்டர் வகைகளின் இன்றைய கறுப்பு நிறமும் கோப்பி, சொக்கலேட் சாயலும் அங்கிருந்து வந்தவை. அந்த வறுவலில் விறகுப் புகைக்கு இடமில்லை. மறுபக்கத்தில், பாம்பேர்க்கின் புகைப் பியர்களில் கடுமையாக வறுத்த மோல்ட் மிகக் குறைவு என்பதால் அவை கறுப்பை விடக் கடும் கபில நிறத்திலேயே இருக்கும். கருகல் கசப்பும் அவற்றில் பெரிதாக இராது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வைத்திருங்கள். புகை ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும், ஏனெனில் அது மணம் மட்டுமே. வறுவலின் கசப்பும் மெல்லிய புளிப்பும் நாக்கில் அப்படியே நிற்கும். பிறகு மூக்கை விட்டால் புகை ஒரேயடியாகத் திரும்பிவரும். வறுத்த கோப்பியிலும் சிறிதளவு குவாயாக்கோல் இருப்பதால் நல்ல ஸ்ரவுட்டிலும் புகையின் நிழல் தெரியக்கூடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதுசாரம் 8 வீதத்துக்குக் குறையாத நம்நாட்டு ஸ்ரவுட் ஒன்றை ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைத்துச் சுவைப்பது பயிற்சிக்கு மிகவும் உதவும்.

இத்தகைய பியரை ஒழுங்காக மதிப்பிடும் முறையைப் படிப்படியாகச் சொல்வீர்களா? (வாசகர், ரொறன்ரோ)

முதலில் சூடு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் புகையும் கசப்பும் மட்டும் முன்னே நிற்கும். மோல்ட்டின் இனிப்பும் பழ மணமும் எழுவதில்லை. மதுசாரம் கூடிய கறுத்த வகைகளுக்கு 10 முதல் 13 பாகை செல்சியஸ் பொருத்தமானது. ரொறன்ரோவின் குளிர்காலத்தில் இதற்கு நேரம் எடுக்கும். யாழ்ப்பாணத்தில் மேசையில் வைத்த சற்று நேரத்திலேயே அந்த அளவு வந்துவிடும், இன்னும் கொஞ்சம் விட்டால் தாண்டியும் விடும். அடி அகன்று வாய் ஒடுங்கிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். கழுவும் தூளின் மணம் கிளாஸில் ஒட்டியிருக்கக் கூடாது. வாயை அலசும் தண்ணீர் உவர் இல்லாததாக இருக்கட்டும். நமது குடாநாட்டில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இடையிடையே ஒரு துண்டு வெறும் பாண் போதும். பல போத்தல்களைச் சுவைப்பதாயின் புகை குறைந்ததை முதலிலும் கூடியதைக் கடைசியிலும் வையுங்கள்.

நிறத்தையும் நுரையையும் விரைவாகப் பார்த்துக் குறித்துவிட்டு மணத்துக்குப் போங்கள். ஆழமாக இழுத்து முகரக் கூடாது. புகைக்கு மூக்கு மிக விரைவாகப் பழகி மரத்துப்போகும் என்பதால், சிறு சிறு மூச்சாக இரண்டு தடவை முகர்ந்து, கிளாஸை அப்பால் வைத்து, சாதாரணக் காற்றைச் சுவாசித்துவிட்டு மீண்டும் வாருங்கள். புகை தணிந்த அந்த இடைவெளியில்தான் பனங்கட்டி, பாண் மேலோடு, பேரீச்சம்பழம் போன்றவை ஒவ்வொன்றாக வெளிப்படும்.

முதல் மிடறை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் புகைப் பியருக்குக் கிடைக்கும் அநியாயமான புகழும் அநியாயமான இகழ்ச்சியும் பெரும்பாலும் முதல் மிடறிலிருந்தே பிறக்கின்றன. அது வாயைப் புகைக்குப் பழக்குவதற்கானது. இரண்டாவது மிடறை நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூச்சை மூக்கு வழியே மெதுவாக வெளியே விடுங்கள். தொண்டையின் பின்புறமாக மூக்கைச் சென்றடையும் அந்த மூச்சில்தான் புகையின் உண்மையான தன்மை தெரியும். பிறகு வழவழப்பு, நுரைப்பின் கூர்மை, மதுசாரத்தின் இளஞ்சூடு, இனிப்புக்கும் கசப்புக்கும் இடையிலான ஒப்புரவு ஆகியவற்றைக் கவனியுங்கள். மீதியைச் சற்று நேரம் அப்படியே வைத்து, சூடு ஏறிய பின் திரும்பவும் சுவையுங்கள்.

அப்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: புகைக்குக் கீழே இருப்பவற்றில் இரண்டு மூன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட முடிகிறதா? முடிந்தால் புகை எவ்வளவு கனமாக இருந்தாலும் அது நல்ல பியர். முடியாவிட்டால், புகை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், வடித்தவர் புகையைக் கொண்டு வெறுமையை மூடியிருக்கிறார் என்றே கொள்வேன். மதுசாரம் கூடும்போது இந்தச் சோதனை கடினமாகிறது, ஏனெனில் மதுசாரத்தின் எரிவும் புகையின் காரமும் சேர்ந்து தொண்டையை உறுத்தக்கூடும். அதைத் தாங்குவதற்கு மோல்ட் தடிப்பாக இருக்க வேண்டும். ஷ்லெங்கெர்லாவின் கடும் பியர்களில், இலையுதிர்கால ஊர்பொக் 6.5 வீதமும், ஓக் விறகில் வாட்டிய மோல்ட்டினால் வடிக்கும் நத்தார்க்கால டொப்பெல்பொக் 8 வீதமும் மதுசாரம் கொண்டவை. இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால், பீச் புகை முன்னே நிற்பதையும் ஓக் புகை மென்மையாக மோல்ட்டுக்குள் ஒதுங்குவதையும் காணலாம். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இந்த இணையை விடச் சிறந்ததை நான் சொல்லமாட்டேன்.

புள்ளி இட விரும்பினால், அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் 50 புள்ளித் தாளைப் பின்பற்றலாம்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கறுப்பு நிறத்தில் மயங்குபவர்களுக்கு அது நல்ல கடிவாளம். 8 வீதப் பியர் 330 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 21 கிராம் மதுசாரம் இருப்பதால், மதிப்பீட்டுக்கு ஆளுக்கு 60 மில்லிலீற்றர் ஊற்றினால் தாராளம். நான்கு பேர் ஒரு போத்தலைப் பகிர்வதே முறை.

கணவாய்ப் பொரியலோடு சுவைத்துப் புள்ளி இடலாமா? (வாசகர், குருநகர்)

சாப்பிடும்போது தாராளமாகக் குடிக்கலாம். புள்ளி மட்டும் இடாதீர்கள். மிளகாயின் எரிவை மதுசாரம் இன்னும் கூட்டிவிடும், அதன்பின் எந்த நுணுக்கமும் தெரியாது.

புகைப் பியர் ஒன்றில் ஆஸ்பத்திரி மருந்து மணம் இருந்தது. அதையும் புகை என்றே ஏற்றுக்கொள்வதா? (வாசகர், நல்லூர்)

எந்தப் புகை என்பதைப் பொறுத்தது. ஸ்கொட்லாந்து விஸ்கி சிலவற்றில் போல, பீட் எனப்படும் சேற்றுநிலக் கரியின் புகையில் வாட்டிய மோல்ட் சேர்ந்திருந்தால் கிரெசோல் சேர்வைகளால் மருந்து மணம் வருவது இயல்பு; போத்தலின் சீட்டில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பீச், ஓக், ஆல்டர் விறகுகளில் வாட்டியதாகச் சொல்லும் பியரில் அந்த மணம் இருந்தால் நான் புள்ளியைக் குறைப்பேன். வடிக்கும் நீரில் நீங்காமல் நின்ற குளோரின் பீனோலோடு சேர்ந்தால் காயத்துக்குப் போடும் பிளாஸ்ரரின் மணம் உண்டாகும், மிகச் சிறிய அளவிலேயே அது மூக்குக்குத் தெரிந்துவிடும். வேண்டாத காட்டு மதுவம் புகுந்தால் கராம்பு மணமும் சிலவேளை எரிந்த இறப்பர் மணமும் வரும். இவை புகையோடு ஒட்டாமல் தனியே துருத்தி நிற்பதும், பியர் சூடாகும்போது மேலும் கூர்மையாவதும் குறையின் அடையாளங்கள். நல்ல விறகுப் புகை சூடாகும்போது மோல்ட்டோடு இணங்கி வட்டமாகும். விழுங்கிய பின் நெடுநேரம் நாக்கில் ஈரச் சாம்பலின் கரகரப்பு நின்றால், அதையும் குறையாகவே எழுதுங்கள்.

இப்படியான போத்தலைச் சில வருடங்கள் வைத்திருந்து குடிக்கலாம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இது சாத்தியமா? (வாசகர், மானிப்பாய்)

வகையைப் பொறுத்தவரையில் அவர்கள் சொல்வது சரி. மதுசாரமும் மோல்ட்டும் தடித்த புகைப் பியர்கள் குளிர்ந்த நிலவறையில் அழகாக முதிரும். புகை மெல்லத் தணிந்து, முந்திரிகை வற்றலும் ஷெரி (sherry) வைனும் நினைவுக்கு வரும் சாயல்கள் எழும். அலாஸ்காவின் புகைப் போர்ட்டர் இதற்காகவே வடித்த ஆண்டு பொறிக்கப்பட்டு விற்கப்படுகிறது. ஆனால் ஒட்சிசனால் ஏற்படும் மாற்றங்கள் சூடு கூடக்கூட வேகம் பிடிக்கும். பகலில் 30 பாகையைத் தாண்டும் நமது வீடுகளின் அலுமாரிக்குள் வைத்தால், வற்றல் பழ மணம் வருவதற்கு முன்பே நனைந்த காகித மட்டையின் மணம் வந்துவிடும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில், வெளிச்சம் படாமல், நிமிர்த்தி வையுங்கள். இரண்டு போத்தல் கிடைத்தால் ஒன்றை இப்போதே குறிப்பெடுத்துச் சுவைத்துவிட்டு, மற்றதை அடுத்த வருடம் அதே கிளாஸில், அதே சூட்டில் திறந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு போத்தல்தான் இருக்கிறது என்றால் வைத்திருக்க வேண்டாம்.