தம்பி சர்ச்சுக்கு வருவதில்லை, பாஸ்டரை வீட்டுக்கு அழைக்கலாமா?

அக்கா, அப்பா இறந்ததிலிருந்து தம்பி ஆராதனைக்கு வருவதில்லை, பாஸ்டரை அழைத்துப் பேசவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சொல்லாமல் கூட்டி வந்தால் அடுத்த ஞாயிறு அவன் வீட்டிலேயே இருக்க மாட்டான். ஜெப விண்ணப்பம் என்று சபை வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டிருந்தால் முதலில் அதை அழியுங்கள்.

இயேசுவின் சீஷர், நம்ம பரங்கிமலைத் தோமாவையே பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று மற்ற சீஷர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர். ஆனாலும் எட்டு நாள் கழித்து அவர்களோடு வீட்டுக்குள்தான் இருந்தார் (யோவான் 20). யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

அத்தனை பேர் உபவாசமிருந்தும் அப்பா ஏன் போனார் என்று அவன் கேட்டால், ‘தேவ சித்தம்’ என்று வாயை அடைக்காதீர்கள். ‘எனக்கும் தெரியலடா’ என்று சொல்லலாம், தப்பில்லை. டிசம்பரில் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு அவனாகவே கிட்டாரை எடுத்தால் போகட்டும். யாரும் தேவன் செய்ததைச் சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.