அடமானக் கடனில் 2 லட்சம் கூடுதலாகக் கட்டினால் எவ்வளவு மிச்சமாகும்? எப்படிக் கட்டுவது?

கேட்டவரின் கணக்கு: மடிப்பாக்கம் வீட்டின் மேல் 30 லட்சம் எல்ஏபி (சொத்தை அடமானம் வைத்து வாங்கும் கடன்), 10 சதவீதம் ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறும்) வட்டி, 15 வருடம். 24 தவணை முடிந்துவிட்டது. சீட்டுப் பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது.

உங்கள் இஎம்ஐ 32,238 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 25,000 வட்டிக்கே போயிருக்கும். இரண்டு வருடத்தில் 7.74 லட்சம் கட்டியும் அசல் குறைந்தது 1.91 லட்சம்தான், பாக்கி சுமார் 28.09 லட்சம். அதாவது இரண்டு வருடத்தில் குறைந்ததைவிட அதிகமாக இந்த 2 லட்சம் ஒரே நாளில் குறைக்கும்.

ஆனால் எப்படி வரவு வைக்கிறார்கள் என்பதில்தான் லாபமே இருக்கிறது. இஎம்ஐயை அப்படியே விட்டுத் தவணைக் காலத்தைக் குறைத்தால் பாக்கி 156 மாதம் ஏறக்குறைய 135 ஆகும். வட்டியில் சுமார் 4.7 லட்சம் மிச்சம். காலத்தை விட்டு இஎம்ஐயைக் குறைத்தால் மாதம் 2,296 ரூபாய் குறையும், மொத்த மிச்சம் 1.58 லட்சத்தோடு நின்றுவிடும். சம்பளம் நிலையாக வருகிறவர்கள் முதல் வழியைத்தான் எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் கை கடிக்கிறது என்றால் மட்டும் இரண்டாவது.

பலர் ஏமாறுவது இங்கே: பணத்தை நெட்பேங்கிங்கில் கடன் கணக்குக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சில இடங்களில் அது அட்வான்ஸ் இஎம்ஐயாக, அசலைத் தொடாமல் அப்படியே கிடக்கும். அதனால் கட்டும் அன்றே மெயிலிலோ கடிதத்திலோ மூன்றே வரி எழுதிக் கொடுங்கள்: 'இன்று செலுத்தும் ரூ.2,00,000-ஐ அசலில் வரவு வைக்கவும். இஎம்ஐ மாற வேண்டாம், தவணைக் காலத்தைக் குறைக்கவும். புதிய தவணை அட்டவணை தரவும்.' கடிதமாகக் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை.

இஎம்ஐ பிடித்த இரண்டு மூன்று நாளில் கட்டுவது நல்லது. தேதிக்கு முந்தைய நாள் கட்டினால் அதை இஎம்ஐ கணக்கில் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே அனுப்பிவிட்ட நாச் (வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் முறை) கோரிக்கை மூலம் இன்னொரு தவணையையும் பிடித்துவிட வாய்ப்புண்டு. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். 2 லட்சத்துக்கு வட்டி ஒரு நாளைக்கு 55 ரூபாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வட்டிப் பகுதியைப் பாருங்கள். 21,738 பக்கம் இருந்தால் சரி. 23,400 என்றே இருந்தால் பணம் அசலில் ஏறவில்லை. உடனே மெயில் போடுங்கள்.

அபராதம் பிடிப்பார்களா? தனிநபர் பெயரில், தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய ஃப்ளோட்டிங் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சிக்கல் சாங்ஷன் லெட்டரில் (கடன் அனுமதிக் கடிதம்) இருக்கும். கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனில்கூட 'பிசினஸ்' என்று ஏஜென்ட் நிரப்பியிருப்பார், அதை வைத்துக் கட்டணம் கேட்பார்கள். ஆகவே கடன் எதற்கு என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை முதலில் படியுங்கள். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தனிநபர் தொழிலுக்காக வாங்கினாலும் பெரும்பாலான வங்கிகள் இந்தக் கட்டணத்தை வாங்க முடியாது. ஃபிக்ஸட் (மாறாத) வட்டி என்றால் கதை வேறு, ஒப்பந்தத்தில் எழுதியதுதான்.

டேர்ம் லோனில் (மாதத் தவணையில் அடைக்கும் இந்த மாதிரிக் கடன்) போட்ட பணம் திரும்பக் கைக்கு வராது. நான்கைந்து மாதச் செலவுக்குத் தனியாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். உங்களுடையது ஓவர்டிராஃப்ட் (ஓடி) வகை எல்ஏபி என்றால் இந்தக் கடிதமெல்லாம் தேவையே இல்லை: பணத்தைக் கணக்கில் போட்டாலே அன்றிலிருந்து வட்டி குறையும், லிமிட்டுக்குள் இருக்கும்வரை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.