கேள்வி பதில்: சரக்கு விற்கிற தாள் கலையாகுமா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஒரு காபிக் கடையில் பழைய ஜப்பானிய ஒயின் விளம்பரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தோள் தெரிய ஒரு பெண், கையில் ஒயின் கிளாஸ். கோலாலம்பூரில் கிராஃபிக் டிசைன் படிக்கிற என் மகள் அதைக் கலை என்கிறாள். சரக்கு விற்க அச்சடித்ததை எப்படிக் கலை என்பது?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: நான் உங்கள் மகள் கட்சி. நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது 1922-இல் வந்த அகடாமா போர்ட்வைன் சுவரொட்டி, இன்றைய சன்டோரி கம்பெனியுடையது. அடுத்த முறை போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். படம் முழுக்க இருட்டும் பழுப்புமாக இருக்கும், கிளாஸில் உள்ள ஒயின் மட்டும்தான் சிவப்பு. பெண்ணைப் பார்க்கப் போன கண் நேரே அங்கே போய் நின்றுவிடும். அதை யோசித்துச் செய்தவரைக் கலைஞர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

விற்பனைக்கும் படத்துக்கும் ஜப்பானில் உறவு ரொம்பப் பழையது. ‘எதோ’ (Edo) என்று சொல்கிற 1603–1868 காலத்திலேயே கடைக்காரர்கள் ஹிகிஃபுடா என்ற துண்டறிக்கைகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். பிறகு மெய்ஜி காலத்தில் (1868–1912), அச்சகங்கள் எபிசு, டைகோகு போன்ற செல்வ தெய்வங்களின் படத்தை வண்ணத்தில் அடித்து ஓரத்தில் இடம் விட்டு வைக்கும், கடைக்காரர் தன் பெயரை அதில் போட்டுப் புத்தாண்டுக்குக் கொடுப்பார். பினாங்கு லெபோ பசார் கடைகளில் நமக்குக் கிடைக்கிற முருகன், லட்சுமி காலண்டரும் அதே வழிதானே!

1911-இல் மிட்சுகோஷி அங்காடி சுவரொட்டிப் போட்டி வைத்து முதல் பரிசாக 1000 யென் கொடுத்தது, அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வென்ற ஹாஷிகுச்சி கோயோ முறையாகப் பயின்ற ஓவியர். கிமோனோ கட்டிய பெண் ஒருத்தி பழைய ஓவியப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான் படம், ஆனால் அதைக் கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து அதிலிருந்து தாளில் அடிக்கிற முறையில், 35 முறை மை ஏற்றி அடித்தார்கள், ஒரு முறை மயிரிழை விலகினாலும் அந்த முகம் கெட்டிருக்கும். துணி விற்கத்தான் இத்தனையும்! அதே மிட்சுகோஷிக்கு வேலை பார்த்த சுகியுரா ஹிசுய், 1927-இல் உயேனோ–அசகுசா சுரங்க ரயில் திறந்தபோது வரைந்ததையும் தேடிப் பாருங்கள், நடைமேடை நிறையக் கிமோனோவும் கோட்டுமாகக் கூட்டம், எதிரே ரயில் வந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் 1964 டோக்கியோ ஒலிம்பிக். கமேகுரா யூசாக்கு வடிவமைத்த ஒரு சுவரொட்டியில் ஓட்டக்காரர்கள் கறுப்புப் பின்னணியில் பாய்ந்து கிளம்புகிறார்கள். ஒலிம்பிக் சுவரொட்டியில் புகைப்படம் வந்தது அதுவே முதல் தடவை. இரவில் மைதானத்தில் வீரர்களைத் திரும்பத் திரும்பக் கிளம்பச் சொல்லி எடுத்த படம். நம் மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடியதும் அந்த ஒலிம்பிக்கில்தான், அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

வாங்கச் சொல்லி வரைந்தது என்பதாலேயே மட்டம் என்றால், கோயிலும் அரசனும் கூலி கொடுத்துச் செய்வித்த சிற்பங்களை என்ன செய்வது? என்னைக் கேட்டால், தெருவில் அவசரமாகப் போகிறவனை ஒரு நொடி நிறுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் இவர்களிடமிருந்து இவ்வளவு நல்ல வேலையை வாங்கியது.

கேள்வி: இப்படிப்பட்ட சுவரொட்டி ஒன்று 80 வெள்ளிக்கு இணையத்தில் விற்கிறது. அசலாக இருக்குமா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: 80 வெள்ளிக்கு நகல்தான் வரும். பழைய கல்லச்சுச் சுவரொட்டி என்று சொல்லி விற்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இன்றைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை தப்பாமல் இருக்கும், கையால் செய்த கல்லச்சில் சீரில்லாமல் பொடிப்பொடியாகத் தெரியும். அந்தக் காலத்து அழகிப் படங்கள் பலவற்றில் மேலும் கீழும் மெல்லிய தகரப் பட்டை அடித்திருப்பார்கள், தொங்கவிட வசதியாக. வீட்டுச் சுவரில் மாட்டத்தான் என்றால் நகலே போதும், தாராளமாக வாங்குங்கள், வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.