விருந்தினர் வேடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை இரவுகளில் பார்த்துவருகிறேன். அவற்றில் ஒரே முகம் வெவ்வேறு பாத்திரங்களாகத் திரும்பத் திரும்ப வந்தது. தேடிப் பார்த்தபோது அவர் பெயர் ஜேம்ஸ் ஹாங் என்றும், படங்களும் தொடர்களுமாக 600க்கும் மேற்பட்டவற்றில் நடித்தவர் என்றும் தெரிந்தது. எனக்கு வியப்பைவிட வருத்தமே மிஞ்சியது. இத்தனை ஆண்டுகள் கௌரவ வேடங்களிலேயே கழிந்த வாழ்க்கையைத் தோல்வி என்றுதானே சொல்ல வேண்டும்?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள ‘கௌரவ வேடம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நம் திரையுலகில் அது, பெயர்பெற்ற நடிகர் ஒருவர் நட்புக்காக ஒரு காட்சியில் வந்து போவதைக் குறிக்கும். நீங்கள் பார்த்த நடிகர்களுக்கோ விருந்தினர் வேடம் என்பது அன்றாடப் பிழைப்பு. ஒரு வாரம் ஒரு தொடரில் வேலை இருக்கும். அடுத்த வேலை எப்போது என்பது யாருக்கும் தெரியாது. இடைப்பட்ட நாட்களில் தேர்வுக்குப் போய், இரண்டு பக்க வசனத்தைப் பேசிக் காட்டிவிட்டு, வராத அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத் தொடரில் முக்கியமான விருந்தினர் வேடம் கிடைத்தால், அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தப்படி 8 நாள் வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம் உறுதி. ஆண்டுக்கு இப்படி மூன்று நான்கு வேடங்கள் அமைந்துவிட்டாலே அதை நல்ல ஆண்டு என்பேன்.

அந்த வேலையின் கடினத்தை வெளியிலிருந்து உணர்வது எளிதல்ல. தொடரின் நிரந்தர நடிகர்கள் பல மாதங்களாக ஒன்றாக உண்டு, பேசி, பழகியவர்கள். அவர்கள் நடுவே ஒரு காலையில் போய் நின்று, அன்றைக்கே மகனைப் பறிகொடுத்த தந்தையாக அழ வேண்டும். பாத்திரம் வளர்வதற்குப் பருவங்கள் (சீசன்கள்) கிடையாது. வாசலில் நுழையும்போதே முழு மனிதராக நுழைய வேண்டும். எனக்கு இது மிக உயர்ந்த திறமையாகவே படுகிறது.

நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஒரு காட்சி. 1991ஆம் ஆண்டு ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் வந்த ‘த சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ என்ற எபிசோட் முழுவதும், மூன்று நண்பர்கள் ஓர் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருப்பதுதான். எத்தனை முறை கேட்டாலும், உணவக ஊழியராக வரும் ஹாங் அதே நிதானத்துடன் “ஐந்து, பத்து நிமிடம்” என்கிறார். மூவரில் ஒருவரான கோஸ்டான்சா முக்கியமான ஒரு தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்துத் தவித்துக்கொண்டிருக்கும்போது, ஹாங் அவர் பெயரைத் தவறாக “கார்ட்ரைட்! கார்ட்ரைட்!” என்று கூவிப் பார்த்து, யாரும் வராததால் இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். கடைசியில் பொறுமையிழந்து மூவரும் வெளியேறிய பிறகு, ஆளில்லாத இடத்தைப் பார்த்து அவர்கள் பெயரை அழைக்கிறார். சிரிக்கவைக்க வேண்டும் என்ற முயற்சியின் சாயல்கூட அவர் முகத்தில் இல்லை. அந்த ஊழியருக்கு அது வழக்கமான ஒரு மாலை, அவ்வளவுதான். அந்த உறுதியின்மேல்தான் மொத்த எபிசோடும் நிற்கிறது.

ஒரு விருந்தினர் வேடம் வாழ்க்கையையே மாற்றியதும் உண்டு. நியூயார்க்கில் படமாக்கப்பட்ட ‘லா அண்ட் ஆர்டர்’ தொடர், 1990இல் தொடங்கியதிலிருந்து அந்நகரின் நாடக நடிகர்கள் பலருக்குச் சோறு போட்டது. அதன் முதல் பருவத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட கைக்குழந்தையின் தாயாக எஸ். எபாதா மெர்கர்சன் ஒரே ஒரு எபிசோடில் வந்தார். அந்த நடிப்பை மறக்க முடியாத தயாரிப்பாளர்கள் 1993இல் அவரைக் காவல் அதிகாரியின் நிரந்தர வேடத்திற்கு அழைத்தார்கள். 2010 வரை அவர் அதில் இருந்தார். ஆனால் இதை ஒரு வழியாக யாருக்கும் நான் காட்ட மாட்டேன். அதே அளவு நன்றாக நடித்துவிட்டு, கிடைத்த காசோலையோடு வீடு திரும்பியவர்களே மிகுதி.

காசோலை என்றதும், உங்கள் வருத்தம் உண்மையில் சென்று சேரவேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் எபிசோட் மறுஒளிபரப்பாகும் போதெல்லாம் நடிகருக்கு ஒரு பங்கு வரும். முறைக்கு முறை குறைந்துகொண்டே போனாலும், வேலையில்லாத மாதங்களில் வாடகைக்கு உதவியது அதுதான். இணைய ஒளிபரப்புத் தளங்கள் வந்த பிறகு அந்தப் பங்கு தேய்ந்தது. 2023இல் நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். சில சென்ட்களுக்கு எழுதப்பட்ட காசோலைகளை அப்போது பலர் வெளியிட்டுக் காட்டினார்கள். சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டைப் பெற, அந்த நேரத்தில் ஆண்டுக்கு 26,000 டாலருக்குச் சற்று மேல் நடித்துச் சம்பாதித்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த எல்லையைத் தொடுவதில்லை. திரையில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு முகம், மருத்துவரிடம் போவதற்கு அஞ்சும் நிலையில் இருக்கலாம் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

ஜேம்ஸ் ஹாங் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 1929இல் மினியாபோலிஸில் பிறந்தவர் அவர். கட்டடப் பொறியியல் படித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் சாலைப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு நடிப்புக்கு வந்தவர். அவருக்குக் கதாநாயக வேடங்கள் வராததற்கு அவரது திறமையைக் காரணம் சொல்ல முடியாது. சீனர்களின் கதையில்கூட முதன்மை வேடத்தை வெள்ளையருக்குக் கொடுத்த காலம் அது. அதனால்தான் 1965இல் நண்பர்களுடன் சேர்ந்து ‘ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவைத் தொடங்கினார். தோல்வி என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், அவரை 70 ஆண்டுகள் ஓரத்திலேயே நிறுத்திவைத்த அந்தத் தொழிலுக்குப் பயன்படுத்துங்கள்.

2023இல் ஒரு திரைப்படத்தின் நடிகர் குழுவுக்குச் சங்க விருது கிடைத்தபோது, 94 வயதில் அவரும் மேடையேறிப் பேசினார். வெள்ளை நடிகர்கள் கண்களை ஒட்டு நாடாவால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஆசியர்களாக நடித்ததை அந்த அரங்கில் எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சின் பதிவு கிடைக்கிறது. உங்கள் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.